ஒரே எண்ணில் இரண்டு விளக்குகள்

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது 41. மணமானவன், ஒரு மகள். பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். தொழில் இணையதளம் அமைத்தல். இன்று காலை பத்தரை மணிக்கு யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் முன் சொல்வதாவது:

பதினேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பழைய தளங்களைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவதுதான் எனக்கு அதிகம் வரும் வேலை. யாரோ போட்டது போட்டபடி விட்டுப்போன வீட்டைக் கூட்டிப் பெருக்குவது மாதிரி இருக்கும். பிடித்துத்தான் செய்கிறேன். சென்ற ஆண்டு இறுதியில், வசதியானவர்களுக்குப் பழங்காலப் பொருட்கள் விற்கும் கடையின் முதலாளி என்னை அழைத்தார். அவரும் அவருடைய அண்ணனும் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் என்பதால் தனித்தனிக் கடையும் தனித்தனித் தளமும் வைத்திருந்தார்கள். அண்ணன் இறந்தபின் அண்ணி தன் கடையைக் கொழுந்தனாரிடமே விட்டுவிட்டார். எனவே இரண்டு தளத்தையும் ஒன்றாக்கித் தர வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

முதல் வாரம் கிடங்கைப் போய்ப் பார்த்தேன். அங்கே பொருட்களைக் கட்டி அனுப்புபவரைப் பேக்கிங் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதலாளியின் அப்பா ஜோடிப் பொருளுக்கு ஒரே எண்தான் போடுவார் என்றும், பாகம் பிரித்தபோது ஜோடி மற்றவனுக்குப் போய்விடக் கூடாது என்று அண்ணனும் தம்பியும் எல்லா ஜோடியையும் பிரித்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள் என்றும் அவர் சொன்னார். "நல்லவேளை தம்பி, கத்தரிக்கோல ஆளுக்குப் பாதியா எடுத்துக்கல" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன். அது என் வேலைக்கு வேண்டிய தகவல் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு 3,100 பொருட்களையும் புதுத் தளத்துக்கு மாற்றினேன். ஒவ்வொன்றாகப் படித்தால் மூன்று மாதம் ஆகும் என்பதால் ஒரு விதி எழுதி, கணினியிடம் விட்டேன். இரண்டு தளத்திலும் எண்ணும் படமும் ஒத்துப்போனால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு, கடைசியாக எழுதிய விவரத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எண் 417 ஒரு ஜோடிப் பித்தளை மேசை விளக்கு. தம்பி தன் விளக்குக்குப் புது வயர் போட்டு, "சோதித்தது" என்று எழுதியிருந்தார். அண்ணன் தன் விளக்கைத் தொடவே இல்லை. "அலங்காரத்துக்கு மட்டும். மின் இணைப்பு கொடுக்கக் கூடாது" என்று அவருடைய தளத்தில் சிவப்பு எழுத்தில் இருந்தது. என் விதிப்படி அந்தச் சிவப்பு வரி போய்விட்டது. புதுத் தளத்தில் இரண்டு விளக்குமே புது வயர் போட்டவை என்று ஆனது.

இந்த மாதம் மூன்றாம் தேதி திங்கட்கிழமை ஒரு பல் மருத்துவர் தளத்தின் வழியாக ஒரு விளக்கு வாங்கினார். மறுநாள் மாலை, முதலாளி தொலைபேசியை எடுக்காததால் பேக்கிங் அண்ணன் என்னை அழைத்தார். "தம்பி, 417-க்கு மூத்தவர் கடை விளக்குதான் கைக்கு வந்துது. வயரு துணி சுத்துனதா இருக்கே, இதானா?" என்று கேட்டார். அப்போது மகளுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். "சைட்ல என்ன போட்டிருக்கோ அதாண்ணே. கட்டி அனுப்புங்க" என்றேன். தளத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

விளக்கு புதன்கிழமை போய்ச் சேர்ந்தது. வியாழன் மாலை ஆறு மணிக்கு மருத்துவர் அதைச் சுவரில் செருகிச் சுவிட்சைப் போட்டிருக்கிறார். அவருடைய மனைவி அதை மேசை நடுவுக்கு நகர்த்துவதற்காகப் பித்தளைத் தண்டைப் பிடித்திருக்கிறார். பிடித்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு முதலாளி என்னை அழைத்து விவரம் சொன்னார். "போலீஸ் பதினோரு மணிக்கு வர்றாங்க. அண்ணன் போட்டிருந்த அந்த வரியத் திரும்பச் சேத்துடுப்பா" என்றார். 9.40 மணிக்கு அந்த வரியை எண் 417-இன் பக்கத்தில் விவரத்துக்குக் கீழே சேர்த்தேன். பிறகு, சேர்த்த நேரத்தைக் காட்டும் பதிவையும் அழித்தேன். பதினோரு மணிக்கு வந்த உதவி ஆய்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் அச்செடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை, அச்சுத்தாளுக்குச் சான்று தர என்னை இந்த நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். வெளிப் பெஞ்சில் மருத்துவர் உட்கார்ந்திருந்தார். தளம் செய்தவன் நான் என்று காவலர் சொல்லக் கேட்டதும் எழுந்து வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"சார், வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ படிச்சேன். கரண்ட் குடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருக்குன்னு இங்க சொல்றாங்க. அது எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்.

"கீழ இருக்கு சார்" என்றேன்.

"அப்ப நான்தான் சரியாப் பாக்கல. அவளும் கேட்டா சார், பழசாச்சே, கரண்ட் குடுக்கலாமான்னு. நான்தான் எல்லாம் படிச்சுட்டேன்னு சொன்னேன்" என்றார். பிறகு, என் நேரத்தைக் கெடுத்ததற்கு மன்னிக்கச் சொன்னார். உள்ளே போய் அச்சுத்தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அது நடந்து இரண்டு நாளாகிறது. அவர் தன் மனைவியைத் தானே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் படித்த அன்று அந்த வரி அங்கே இல்லை. தளத்தின் நகல் தினமும் காலை ஆறு மணிக்குத் தானாக எடுக்கப்பட்டு என் அலுவலகத்தில் சேரும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எடுத்த நகலிலும் அது கிடையாது. அந்த நகல் உள்ள வட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். பேக்கிங் அண்ணன் கேட்க வேண்டியதைக் கேட்டார், அவர்மேல் குற்றமில்லை. என்மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு காவலரை மருத்துவர் வீட்டுக்கு அனுப்பி இதைச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். வரியைச் சேர்த்த இடத்தில் "முதலாளி வற்புறுத்தியதால்" என்று எழுதப்பட்டிருந்தது. அந்த இரண்டு சொற்களையும் அடிக்கச் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. ஒரு தடவைதான் சொன்னார். அடித்த இடத்தின் ஓரத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)