மெதுவாகக் காய வேண்டும்

எனக்குச் சமையல் அவ்வளவாக வராது. ஆனால் பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட என் சளிப்பூஞ்சைக்கு ஓட்ஸ் போடத் தவறியதில்லை. குமானோ மலையில், மட்கிய கட்டையடியில், மஞ்சள் கூழாக ஊர்ந்துகொண்டிருந்த அதைக் கண்டெடுத்தவள் நான். இதுவரை யாரும் பார்த்திராத இனம் என்றார் நிராசாகி சென்செய். பல்கலைக்கழக வாத்தியார், அதனால்தான் சென்செய். சேர்ந்தே ஆய்வுக் கட்டுரை எழுதுவோம், உங்கள் பெயரையே அதற்கு வைப்போம் என்று அவர்தான் சொன்னார். நான் கேட்கவில்லை.

அதைத் தபாலில் அனுப்ப ஒரு முறை இருக்கிறது, ஐயா. வடிதாளில் படரவிட்டு, இருட்டில், மூன்று நாள் மெதுவாகக் காயவிட வேண்டும். காயக் காய அது சளியைச் சுரந்து தன்னைப் போர்த்திக்கொண்டு, இறுகித் தூங்கிவிடும். ஒரு வருடம் கழித்து ஈரப் பஞ்சால் தொட்டாலும் மறுபடி ஊரும். அவசரப்பட்டுக் காயவைத்தால் சளி சுரக்க நேரமிருக்காது, செத்துப்போகும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

போன மாதம் கட்டுரை வந்தது. பூஞ்சைக்கு அவர் மனைவியின் பெயர். கடைசி வரியில், 'உணவிட்ட உள்ளூர்ப் பெண்மணிக்கு நன்றி.' பதினெட்டு வருடம் நம்பினேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். விற்கும் காளானைச் சூட்டில் உலர்த்த எங்கள் வீட்டில் ஓர் அறை உண்டு, அங்கே வைத்து ஏன் இப்படி என்று கேட்டேன்.

"இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறீங்களே, தோமோயே-சான். ஓட்ஸ் போட்டது நீங்க, மூளையப் போட்டது நான். பேருல என்னங்க இருக்கு?"

"அதுவும் சரிதான் சென்செய். இருங்க, வீட்டுக்குக் கொஞ்சம் காளான் கட்டித் தர்றேன்."

வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

சூட்டைக் கூட்டவில்லை, குறைத்தே வைத்தேன். யாரையும் வதைக்கும் புத்தி எனக்குக் கிடையாது. இரண்டாம் நாள் மதியம்வரை கதவைத் தட்டினார். பிறகு என் குறிப்பேட்டில் 'அசைவு நின்றது' என்று எழுதினேன். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மூன்று நாள் முடிந்ததும் உள்ளே போய், ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் தொட்டேன். எழுந்து ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விழித்தெழ ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு. அதற்குள் போலீஸ்காரர்கள் நீங்கள் வந்து அவரைத் தூக்கிப் போய்விட்டீர்கள்.

நான் காயத்தான் வைத்தேன், ஐயா. அவசரப்பட்டது நீங்கள்.