எட்டாவது ரேடியேற்றர்

பொயிலர் வாங்கிறதும் கலியாணம் பேசுற மாதிரித்தான், பிள்ளை. எடுத்த எடுப்பில ஓம் எண்டு சொல்லக்கூடாது. நாலு இடத்தில விசாரிச்சு, ஆள் எப்பிடி, வேலை எப்பிடி எண்டு பார்த்து, பிறகுதான் கை நனைக்கவேணும். இதை ஒபிசருக்குச் சொல்லுங்கோ. ஆறுதலா மொழிபெயருங்கோ, எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அட்சயா எண்டெல்லே உங்கட பேர் சொன்னனீங்கள்? நல்ல பேர்.

நான் நவரட்ணம். இங்க ரொறன்ரோவில, வெக்ஸ்போர்ட்டில எங்களுக்கு ஒரு பழைய வீடு. அக்கம்பக்கத்தில எல்லாரும் காத்து ஊதுற ஃபேர்ணஸுக்கு மாறியிட்டினம். எங்கட வீட்டில மட்டும் பழைய முறை. நிலத்துக்குக் கீழ பேஸ்மன்றில ஒரு பொயிலர் தண்ணியைச் சூடாக்கும், அந்தச் சுடுதண்ணி குழாய் வழியா அறை அறையாப் போய் இரும்பு ரேடியேற்றரைச் சூடாக்கும். மேல ஏழு ரேடியேற்றர், கீழ ஒண்டு. கீழ இருக்கிறது என்ர அண்ணையின்ர அறை. இருந்தது எண்டு சொல்லவேணும், இன்னும் வாய் பழகேல்லை.

அண்ணையின்ர பேர் இராசநாயகம். கலியாணம் கட்டாத மனிசன். எங்கட குடும்பத்தில ரொறன்ரோவுக்கு முதல் வந்தவர் அவர்தான். பேக்கரியில இரவு வேலை செய்து என்னைக் கூப்பிட்டவர், பிறகு என்ர மனிசி ரதியைக் கூப்பிட்டவர். இந்த வீட்டை வாங்கித் தந்ததும் அவர்தான். அதுவும் மார்கழியில வாங்கினவர். மார்கழி எண்டா ஒபிசருக்கு விளங்காது. டிசம்பர் நடுப்பகுதியில தொடங்கி, ஜனவரி நடுவில பொங்கலோட முடியிற மாதம். அந்த மாதத்தில எங்கட சைவச் சனம் ஒரு புதுக் காரியமும் தொடங்காது. ரதி வேண்டாம் எண்டு மறிச்சவ. அண்ணை சிரிச்சுப்போட்டு, "குளிருக்கு மாதம் தெரியுமே பிள்ளை? குழந்தை நடுங்குது, வாங்கோ போவம்" எண்டவர். அப்ப நாங்கள் இருந்த அப்பாட்மென்ற்றில ஹீற்றர் ஒழுங்கா வேலை செய்யாது. என்ர மகள் துர்க்கா கைக்குழந்தை. அவவைத் தன்ர ஜக்கெற்றுக்குள்ள வைச்சுக்கொண்டுதான் அண்ணை இந்த வீட்டு வாசல்படி ஏறினவர்.

ஆறு வருசத்துக்கு முதல் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துபோச்சு. பேச்சும் போச்சு. ஒரேயொரு சொல்தான் மிஞ்சினது, "தம்பி". பசிச்சாலும் தம்பி, மூத்திரம் வந்தாலும் தம்பி, ரீவியில ஏதும் பகிடி வந்தாலும் தம்பி. ஆனா சத்தமாக் கூப்பிடேலாது. அதால கட்டிலுக்குப் பக்கத்தில இருக்கிற ரேடியேற்றரில ஒரு கரண்டியால தட்டுவார். இரும்புக் குழாயெல்லே, கீழ தட்டினா மேல ஏழு ரேடியேற்றரும் சேர்ந்து சத்தம் போடும். குசினியில நிண்டாலும் கேக்கும், குளிக்கேக்கயும் கேக்கும். அவர் தட்டாத நேரத்திலயும் எனக்குக் கேக்கத் தொடங்கியிட்டுது. நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை, பிள்ளை. எனக்கு அண்ணையில உயிர். ஆனா நான் சரியாக் களைச்சுப்போனன்.

ரதிக்கு நாரிநோ, இடுப்பு நிமித்தேலாது. அவரைப் புரட்டிப் புரட்டி வந்த நோதான். போன வைகாசியில துர்க்காவின்ர வீட்டுக்கு, ஏஜக்ஸுக்குப் போனவ திரும்பி வரேல்லை. "உங்கட அண்ணையை ஒரு ஹோமில சேருங்கோ, அடுத்த நாளே நான் வந்து நிப்பன். இல்லாட்டி என்னைக் கூப்பிடாதேங்கோ" எண்டு போனில சொன்னவ. அவவில பிழை இல்லை.

அப்பதான் ஒரு முதியோர் ஹோமில இடம் வந்தது. எவ்வளவு காலம் காத்திருந்து கிடைச்ச இடம். நான் போய்ப் பார்த்தனான். நல்ல துப்புரவு, நல்ல சூடு, மனிசர் அரைக்கைச் சேட்டோட இருந்து காட்ஸ் விளையாடினவை. எனக்குப் பிடிச்சுது. வெளிக்கிடேக்க கோயிலில தேவாரம் படிக்கிற றமேஸ் எதிர்ப்பட்டார். தெரிஞ்ச ஆரையோ பார்க்க வந்தவராம். "என்ன அண்ணை, ஆரைக் கொண்டுவந்து விடப்போறியள்?" எண்டு பகிடியாத்தான் கேட்டவர். எனக்குக் காதெல்லாம் சுட்டுது. "சீ, நான் சும்மா ஒரு சிநேகிதனைப் பார்க்க வந்தனான்" எண்டு சொல்லிப்போட்டு வந்து, அண்டைக்கே போன் எடுத்து இடம் வேண்டாம் எண்டு சொன்னன். வளர்த்த அண்ணையை ஹோமில தள்ளினவன் எண்ட பேரோட எப்பிடி நான் கோயிலுக்குப் போறது? கலியாண வீட்டில எந்த மேசையில போய் இருக்கிறது? ஒபிசருக்கு இது விளங்காது. உங்களுக்கு விளங்கும், பிள்ளை.

பிறகு குளிர் தொடங்கி, மார்கழி பிறந்த கையோட பொயிலர் நிண்டுபோச்சு. காஸ் கொம்பனியில இருந்து வந்த ஆள் திறந்து பார்த்தான். உள்ள இரும்பு வெடிப்பு விட்டிட்டுது, இனி மூட்டினா ஆபத்து எண்டு சிவப்பு மட்டையைக் கட்டி, காஸையும் நிப்பாட்டிப்போட்டுப் போயிட்டான். சத்தியமா அதில என்ர கை இல்லை. பொயிலர் தானாத்தான் செத்தது.

நான் ஆள் தேடத் தொடங்கினன். முதல் வந்தவன் சரியான வாய்க்காரன். ரேடியேற்றரெல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டு ஃபேர்ணஸ் போடவேணும், சுவரெல்லாம் உடைக்கவேணும் எண்டான். அவனை அனுப்பினது சரிதான், ஆரும் அனுப்புவினம். அடுத்தது மில்லிக்கனில இருந்து ஒரு சீனாக்காரக் கிழவர். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வந்தார், காஸ் லைசன்ஸைத் தானாவே எடுத்துக் காட்டினார், குழாயைத் தடவித் தடவிப் பார்த்தார். நாளையிண்டைக்கே புதுப் பொயிலர் பூட்டித் தரலாம் எண்டார். அவரில ஒரு பிழையும் பிடிக்கேலாமல் கிடந்தது. அதால யோசிச்சுச் சொல்லுறன் எண்டு அனுப்பிப்போட்டன்.

பேனாட் மூண்டாவதா வந்தவன். மல்வேர்னில இருக்கிறான், எங்கட ஆள், வேதக்காரப் பெடியன், சேர்ச்சுக்குப் போறவன். என்ர மகனா இருக்கக்கூடிய வயது. வந்த உடன கீழ போய் முதல் அண்ணைக்கு வணக்கம் சொன்னான். அண்ணை கம்பளித் தொப்பியோட, போர்வைக்குள்ள கிடந்து அவனைப் பார்த்து "தம்பி" எண்டார். பேனாட் அவற்ற கையைப் பிடிச்சுப் பார்த்திட்டு, போர்வையை இழுத்து மூடிவிட்டான். பிறகு மேல வந்து பொயிலரைப் பற்றி வடிவா விளங்கப்படுத்தினான். இப்பத்தைப் பொயிலர் சின்னனாம், சுவரில கொழுவலாமாம், புகைக்கூடு தேவையில்லையாம், பக்கச் சுவரால ஒரு குழாய் விட்டாக் காணுமாம். ஆனா வீட்டுக்கு அளவாப் போடவேணும், பெரிசாப் போட்டாலும் பழுது, சின்னனாப் போட்டாலும் குளிரும் எண்டான். எத்தனை ரேடியேற்றருக்குச் சூடு வேணும் எண்டு கேட்டான். நான் சொன்னன். அதுக்கேற்ற பொயிலரை அவனும் சொன்னான். எனக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுது.

"நாளைக்கே பூட்டுவம், அங்கிள். உங்கட அண்ணை குளிரில கிடக்கிறார்" எண்டான்.

"மார்கழியெல்லே தம்பி. பொங்கல் முடியட்டும்" எண்டன்.

"எனக்கு உதுகள் தெரியாது, அங்கிள். எண்டாலும் அவரை மேலயாவது கொண்டுவருவம். நாங்கள் ரெண்டு பேரும் பிடிச்சாத் தூக்கலாம்."

"அறை மாறினா அவருக்கு நித்திரை வராது" எண்டன்.

மார்கழி எண்டு சொன்னா எங்கட ஆக்களோட ஒருத்தரும் வழக்காடமாட்டினம், பெரியவரின்ர நம்பிக்கை எண்டு விட்டிடுவினம். நான் கோயிலுக்குப் போறது சனத்தைப் பார்க்க. ராகுகாலம், மரணயோகம் ஒண்டும் பார்க்கிறேல்லை. பேனாட் தன்ர வானுக்குள்ள கிடந்த எலக்றிக் ஹீற்றரை எடுத்து வந்து, அண்ணையின்ர கால்மாட்டில வைச்சிட்டுப் போனான். நல்ல மனிசன்.

என்ர அறையிலயும் ஒரு ஹீற்றர் இருந்தது. பழைய வயரிங், ரெண்டும் சேர்ந்து ஓட பிரேக்கர் விழுந்து கரண்ட் நிண்டுபோச்சு. ஏதாவது ஒண்டைக் கழட்டவேணும். கீழ இருந்ததைக் கழட்டினன்.

பிறகு நல்ல குளிர் நாள்கள் வந்தது. நான் அவரைப் பட்டினி போடேல்லை, பிள்ளை. கஞ்சி சுடச்சுடக் கொண்டுபோய்ப் பருக்கினன், போர்வையை இழுத்து மூடினன். அது வழுக்கி விழும். ஒரு கையால அவருக்கு அதை இழுக்கேலாது. அப்ப தட்டுவார். முதல் நாள்களில தட்டின உடன போனன். பிறகு தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டுப் போனன். ஒரு நாள் நான் போகேக்க அவற்ற சொண்டு நீலம் பாரிச்சிருந்தது. என்ர முகத்தைப் பார்த்துத் "தம்பி" எண்டார். வழமையா எதுக்குச் சொல்லுறார் எண்டு எனக்கு விளங்கும். அண்டைக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு படியேறி வந்தன்.

கடைசி நாள் விடியத் தொடங்கித் தட்டினவர். நான் குசினியில இருந்தன். தமிழ் வானொலியில நல்ல பாட்டுகள் போய்க்கொண்டிருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டன். மத்தியானம் மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தது, இடைவெளி விட்டு விட்டு. பிறகு கேக்கேல்லை. நான் பின்னேரம்தான் கீழ போனன். கரண்டி கையிலதான் இருந்தது. அவற்ற கையில இருந்து அதை எடுக்கேக்க நான் அழுதனான். கனநேரம் அழுதனான், அதையும் சொல்லுங்கோ.

வயது, பாரிசவாதம், பலவீனமான இருதயம் எண்டு டொக்டர் எழுதினார். ஆருக்கும் ஒரு சந்தேகமும் வரேல்லை. ரதி அண்டைக்கே சூட்கேசோட வந்திட்டா. வாசல்ல நிண்டு, "என்னப்பா வீடு இப்பிடி விறைக்குது?" எண்டா. எனக்கும் அப்பதான் உறைச்சுது. செத்தவீட்டுக்குச் சனம் வரப்போகுது, கோயில் ஆக்கள் வருவினம், குளிரில எப்பிடி இருத்திறது? உடன பேனாட்டுக்குப் போன் எடுத்தன்.

"அங்கிள், பொங்கலுக்கு இன்னும் நாள் கிடக்கே" எண்டான்.

"சனம் வரும் தம்பி. நாளைக்கே பூட்டும்" எண்டன்.

அடுத்த நாள் வந்து, பகல் முழுக்க நிண்டு பூட்டினான். பின்னேரம் வீடு நல்ல சூடு. சனம் வந்து ஜக்கெற்றைக் கழட்டிப்போட்டு இருந்து கோப்பி குடிச்சுது. றமேஸ் என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு, "தம்பியெண்டா உங்களை மாதிரி இருக்கவேணும் அண்ணை, கடைசிவரை கையில வைச்சுப் பார்த்தியள்" எண்டு கண் கலங்கினார். நானும் கலங்கினன். அதில நடிப்பு இல்லை.

பேனாட் கீழ அண்ணையின்ர அறையில மிச்ச வேலையை முடிச்சுக்கொண்டு நிண்டான். நான் தேத்தண்ணி கொண்டுபோனன். வாங்கேல்லை. அந்த ரேடியேற்றருக்குப் போற குழாயை வெட்டி, அதின்ர வாயை மூடியிருந்தான். குந்தியிருந்தபடி அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"அங்கிள், முதல் வந்த அண்டைக்கு, எட்டு ரேடியேற்றர் இருக்கே எண்டு நான் கேக்க, ஏழு காணும், கீழத்தைக் குழாயை வெட்டிவிடும், அங்க இனி ஒருத்தரும் இருக்கமாட்டினம் எண்டு சொன்னனீங்கள். நான் அவரை மேல எடுக்கப்போறியள் எண்டு நினைச்சன். அண்டைக்கு அவர் இந்தக் கட்டில்ல உயிரோட கிடந்தவர்."

அவன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு, தன்ர ஹீற்றரையும் தேடி எடுத்துக்கொண்டு போனான். அவன்தான் பொலிசிட்டை வந்து சொல்லியிருப்பான். எனக்கு அவனில கோவம் இல்லை. வேலை வலு சுத்தம், ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை.

ஒபிசர் என்ன கேக்கிறார்? அண்ணை செத்துப்போவார் எண்டு எனக்குத் தெரியுமோ எண்டே? ஓம், தெரியும். தெரிஞ்சுதான் ஏழு எண்டு சொன்னனான். தெரிஞ்சுதான் ஹீற்றரைக் கழட்டினனான். பொங்கல் மட்டும் அவர் தாங்கமாட்டார் எண்டு கணக்குப் பார்த்துத்தான் பொங்கல் முடியட்டும் எண்டனான். இதை அவர் எப்பிடி விருப்பமோ அப்பிடி எழுதட்டும், நான் கையெழுத்து வைக்கிறன்.

ஆனா ஒண்டு, பிள்ளை. அண்ணையை நான் ஹோமில விடேல்லை. கடைசிவரை என்ர வீட்டிலதான் வைச்சுப் பார்த்தனான். அதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கோ.