மூடி திறக்காத பேனா

— எழுதி வெச்சுக்கோ அக்கா. உலகத்துல போட்டோகிராஃபர்ங்க ரெண்டே வகை. ‘சிரிங்க’ன்னு சொல்றவன் ஒருத்தன், சொல்லாதவன் இன்னொருத்தன். ரெண்டாவது வகையில இப்போதைக்கு நான் மட்டும்தான் இருக்கேன்.

— சரிடா மகானே. ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவுல நின்னு பிரசங்கம் பண்ணாத. கல்யாணம் பதிவாகி முடிஞ்சாச்சு. எடுத்ததைக் காட்டு.

— எடுத்த உடனே பின்னாடி திருப்பிப் பாக்கறவன் தன்னையே நம்பாதவன். மூணே மாசத்துல நம்ம ஸ்டுடியோ வாசல்ல வரிசை நிக்கும் பாரு. ஏன்னா நான் யாரையும் நடிக்க வெக்க மாட்டேன். பொண்ணோட அப்பா சாட்சிக் கையெழுத்து போட்டாரே, விரல் நடுங்கிச்சே, அதை அப்படியே பிடிச்சேன்.

— அந்த ஒரு படத்துக்காகத்தான் அந்தப் பொண்ணு நம்மளக் கூப்பிட்டதே. நாளைக்குக் காலையில அவருக்கு ஹார்ட் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டு மணி நேரம்தான் வெளிய விட்டிருக்காங்க. காட்டுடா.

— இந்தா, நீயே பாத்துக்கோ. கண்ணு கலங்கினா என்னைச் சொல்லாத.

— தம்பி.

— என்ன, கலங்கிடுச்சா?

— ஸ்கிரீன் ஓரத்துல பொடிசா என்னமோ எழுதியிருக்கு. படி.

— கார்டு... இல்லை.

— எது இல்லை?

— கேமராவுக்குள்ள மெமரி கார்டு இல்லக்கா.

— கார்டு இல்லாம எப்படிடா ஒரு மணி நேரமா க்ளிக் க்ளிக்னு சத்தம் வந்துச்சு?

— கார்டு இல்லாட்டியும் க்ளிக் அடிக்கற மாதிரி கேமராவை நான்தான் மாத்தி வெச்சேன். கண்ணாடி முன்னாடி ஸ்டைலா நின்னு பழகறதுக்கு.

— கார்டு எங்க?

— வீட்டுல, கம்ப்யூட்டர்ல. ஸ்டுடியோ போர்டுல போட என் படத்தை இறக்கினேன்.

— நல்லது. ஊரான் கல்யாணத்துக்கு வந்து உன் மூஞ்சி மட்டும் பத்திரமா இருக்கு.

— அக்கா, பின்வாசல் வழியாப் போயிடலாமா?

— போயி? பள்ளிக்கூட வேலையை ராஜினாமா பண்ணிட்டு உன்னை நம்பி வந்தவ நான். அந்தப் பொண்ணு ஆபீஸ்ல இருநூறு பேரு, எல்லாருக்கும் விஷயம் போயிடும். இன்னிக்கு ஓடினா நாளைக்கு நாய்கூட நம்மளத் தேடி வராது. அதைக்கூட விடு. நாளைக்கு அந்த மனுஷனுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?

— அந்தப் பேச்சை எடுக்காத.

— உனக்கு மட்டும்தான் பயமா? எனக்கும்தான்.

— கிளம்பிட்டாரா?

— லிஃப்ட் நாலாவது மாடியில மாட்டிக்கிச்சு. அதோ, லிஃப்ட் கதவுகிட்ட சக்கர நாற்காலியில காத்துட்டிருக்கார். பொண்ணும் மாப்பிள்ளையும் கார் கொண்டுவரக் கீழ போயிருக்காங்க. இந்தா, என் பர்ஸ்ல இருந்த கார்டு. பயந்தாங்கொள்ளிதான் ரெண்டு கார்டு வெச்சிருப்பான்னு சொன்னியே, அதே கார்டு.

— கையெழுத்து போட்ட ரிஜிஸ்தரைத் திரும்பத் தர மாட்டாங்களே.

— வீட்டுச் சாமான் எழுதற நோட்டு இருக்கு. அதை விரிச்சு வை. முதல்ல உண்மையைச் சொல்லு. போ.

— ஐயா...

— யாரு, போட்டோக்காரத் தம்பியா? லிஃப்ட் வருதா?

— இன்னும் இல்லைங்கய்யா. ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க கையெழுத்து போட்டது படத்துல விழலை. முழுக்க என் தப்பு. உங்க பொண்ணுகிட்டயும் நானே சொல்லிடறேன்.

— எதுவுமே விழலையா?

— ஒண்ணுகூட இல்லைங்கய்யா.

— அப்பாடா.

— என்னங்கய்யா?

— நாளைக்கு என்ன ஆகுமோன்னு நெனச்சுக்கிட்டே கையெழுத்து போட்டேன் தம்பி. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருந்திருக்கும். எம் பொண்ணு காலம் பூரா அதையா பாத்துட்டிருக்கணும்? சிரிங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லவே இல்ல.

— இன்னொரு தடவை எடுத்துடலாங்கய்யா. இந்த நோட்டை மடியில வெச்சுக்கோங்க.

— இது என்ன நோட்டு? சோப்பு ரெண்டு, பல்பு ஒண்ணுன்னு இருக்கு.

— எழுத்து படத்துல தெரியாதுங்கய்யா. இந்தப் பேனாவைப் பிடிச்சு, கையெழுத்து போடற மாதிரி கையை மட்டும் வைங்க.

— பேனா மூடியைத் திறக்கணுமா?

— வேணாங்கய்யா. அப்படியே இருக்கட்டும்.

— கை நடுங்குதே தம்பி.

— எனக்கும்தாங்கய்யா. இங்க, என்னைப் பாருங்க... கொஞ்சம் சிரிங்க.