மேட்டில் இறங்கி ஓடியவர்

யுத்த காலத்தில் ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குப் போன பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடையாது. பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் வாயுவில் முனகியபடி போகும். ஒருநாள் மல்லூர் தாண்டியதும் ஒரு மேட்டில் மாட்டுவண்டி ஒன்று எங்களை முந்திப் போனது. முன் சீட்டிலிருந்த நெசவாளி ஒருவர் எழுந்துவிட்டார்.

"கண்டக்டருங்க, நான் எறங்கி ஓடியே போயிக்கறேனுங்க."

பக்கத்திலிருந்த மோகனூர் வெற்றிலை வியாபாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சேலம் இன்னும் ஆறு மைலுங்க. அப்படி என்ன அவசரம்?"

"ஆஸ்பத்திரியில காலையில எனக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க. கல்யாணமாகி எட்டு வருசத்துக்கு அப்புறம்."

"எட்டு வருசம் காத்திருந்தவரு, இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டீங்களா?"

"எட்டு வருசம் எப்படியோ போயிருச்சுங்க. இந்த ஒரு மணி நேரந்தான் முடியலை."

"நீங்க ஓடினாலும் பஸ்ஸு முந்திருமுங்க."

"முந்தட்டுமுங்க. ஓடுனா நானும் ஏதோ பண்ற மாதிரி இருக்குமில்லீங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினார். மேடு முடிந்ததும் பஸ்ஸுக்குத் தெம்பு வந்து, கொஞ்ச தூரத்திலேயே அவரை எட்டிப் பிடித்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏறுங்க சாமி. இனி இறக்கந்தான்."

அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. "ஏறலாமுங்க. ஏறினா மறுபடி உக்காரோணுமே."

"உக்கார வேண்டாமுங்க. படியில நின்னுட்டே வாங்க."

அதற்குச் சம்மதித்தார். சேலம் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி படியில் நின்றே வந்தார். கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.