ரெண்டு ரொட்டி

"சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கிற ஆப்புல ரெண்டு ரொட்டின்னு போட்டா, சரின்னு பச்சை காட்டுது அக்கா. ஆனா ஒரு மாசமா வெயிட்டு குறையல. இன்னைக்கு கிளினிக்ல நர்ஸ் மிஸ் ஏசப் போறாங்க."

கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் சொன்னாள்.

பக்கத்திலிருந்த அக்கா ஃபோனை எட்டிப் பார்த்தார். "அடியே, இந்தப் படத்துல இருக்கிறது அப்பளம் மாதிரி மெல்லிசு ரொட்டி. நீ என்ன சுடுற?"

"தேங்காய்ப்பூ போட்ட நம்ம ரொட்டிதான்."

"உன் ரொட்டி ஒண்ணு, இந்த ஆப் செஞ்சவங்க வீட்டுக்கே பத்தும்டி! வேணும்னா வச்சுப் பாரு."

அவள் பகல் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து, ஒரு ரொட்டியை எடுத்து ஃபோன்மேல் வைத்தாள். ஃபோனையே காணவில்லை.

ரொட்டியைத் தூக்கி, இரண்டை அழித்து ஆறு என்று போட்டாள். திரை சிவந்தது. அந்த ரொட்டியை அக்காவின் கையில் வைத்தாள்.