கொஞ்சம் தூக்கி வைங்க, மாமா

ஃபாக் லைட்டைப் பற்றி நிறையப் பேருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது, மேடம். அது பனியைத் துளைத்துக்கொண்டு தூரத்தைக் காட்டும் என்று நினைக்கிறார்கள். எந்த விளக்கும் பனியைத் துளைக்காது. பம்பருக்குக் கீழே தரையை ஒட்டி மாட்டி, வெளிச்சத்தைக் கீழே சாய்த்துவிட்டால், வண்டிக்கு முன்னால் கொஞ்சம் ரோடும் ஓரத்து வெள்ளைக் கோடும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய்விடலாம். அவ்வளவுதான் அதனால் முடியும். மேலே தூக்கி வைத்தால் வெளிச்சமெல்லாம் பனியில் பட்டு ஓட்டுகிறவன் கண்ணுக்கே திரும்பி வரும். கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி இருக்கும்.

முதுநகரில் கடை வைத்த நாளிலிருந்து வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ராஜவேல் கடையில் ஃபோகஸ் வைத்தால் எதிரில் வருகிறவனுக்குக்கூடக் கண் கூசாது என்று பண்ருட்டி லாரிக்காரர்கள் சொல்வார்கள்.

உங்கள் ஸ்டேஷன் வாசலில் மச்சானின் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். மழையில் நின்று துருப்பிடித்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும். உட்கார்ந்து பேசலாமா? நின்றால் கால் வீங்கிவிடுகிறது.

அரசு என் மனைவி மாலதியின் தம்பி. நல்லவன். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவனைப் போல ஒருவனை நான் பார்த்ததில்லை. பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டை வைத்திருந்தான். விடியற்காலையில் தண்ணீரில் காற்று குறைந்து இறாலுக்கு மூச்சு முட்டும் என்று தினமும் இருட்டு பிரிவதற்குள் கிளம்பிவிடுவான். போகும் வழியில் எங்கள் வீட்டில் காபி. திரும்பி வந்து எங்கள் வீட்டில் சாப்பாடு. அவன் உள்ளே நுழைந்தால் மாலதியின் முகமே மாறும்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போனபோது, மாலதியுடையது பொருந்தவில்லை. என் அண்ணன் வேலையைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அரசுவிடம் நாங்கள் கேட்கவே இல்லை. அவனாகவே போய் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்து, "என்னுது சரியா இருக்குதாம் மாமா" என்றான், சட்டை அளவு பார்த்துவிட்டு வந்தவனைப் போல. சென்னையில் ஆபரேஷன் நடந்தது. அவனுக்கு அப்போது பெண் பார்த்து முடிவாகியிருந்தது. ஒரு கிட்னி உள்ளவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அதற்கும் சிரித்தான். பிறகுதான் புதுச்சேரியில் இந்த இரண்டு சீட்டு வண்டியைப் பழையதாக வாங்கினான். "கல்யாணம்தான் ஆவலை, ரெண்டு சீட்டே எனக்கு ஜாஸ்தி" என்றான்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் தட்டில் மாலதி ஊறுகாய் வைத்தால் அதை அவன் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வான். "உப்பு மாமா. நம்ம கிட்னி அது" என்பான். நம்ம கிட்னி. மத்தியானம் கடைக்கு போன் செய்து தண்ணீர் குடித்தேனா என்று கேட்பான். வாடிக்கையாளர்கள் முன்னால் குடித்தேன் என்று சொல்வேன். ஒருநாள் நான் சலித்துக்கொண்டபோது மாலதி அடுப்பைப் பார்த்தபடியே, "அவன் இல்லன்னா நீங்க ஏது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். உண்மைதானே. கோயிலில், கல்யாண வீட்டில், தெருவில், என்னைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, "மச்சான் எப்படி இருக்கார்?" என்பதுதான். அவன் நன்றாக இருந்தான். நானும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவனால்தான் என்றும் சொல்ல வேண்டும். இப்படி நான்கு வருடம். நன்றியோடு இருப்பது உடம்பை இவ்வளவு களைப்பாக்கும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

தீபாவளி கழிந்து பனி இறங்க ஆரம்பித்ததும் வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தான். பழைய ஃபாக் லைட் மங்கிப்போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக வெள்ளை எல்.இ.டி. போட்டேன். நல்ல சாமான். ஒயரிங்கையும் மாற்றினேன், ரிலே வைத்தேன், தண்ணீர் போகாமல் அடைத்தேன். சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்குக் கீழேயே விழுகிற மாதிரி விளக்கின் திருகை முறுக்கி வைத்தேன். அரசு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கொஞ்சம் தூக்கி வைங்க மாமா, தூரமா தெரியட்டும்" என்றான். உங்களிடம் சொன்னதையெல்லாம் அவனிடமும் சொன்னேன். "நீங்க சொன்னா சரி" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான். இதுவரை என் மேல் ஒரு தவறும் இல்லை. விசாரித்தால் தெரியும்.

மார்கழி பிறந்ததும் சிதம்பரத்தில் ஒரு சங்கத்தார் உறுப்பு தானம் செய்தவர்களுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அரசுவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். அவன் பக்கத்தில் என்னை நிறுத்தி, இவர்தான் பெற்றுக்கொண்டவர் என்று மைக்கில் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பேசச் சொன்னார்கள். பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை, ஆனால் முன் வரிசையில் மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து அரசு மைக்கை வாங்கி, தான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, மாமா உடம்பை நன்றாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றான். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மாலதி உறவுக்காரர்களோடு பஸ்ஸில் வந்தாள். அவன் என்னைத் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தான். புவனகிரிக்காரர் ஒருவர் கொடுத்த முறுக்குப் பொட்டலம் என் மடியில் இருந்தது. ஓட்டிக்கொண்டே கையை நீட்டி அதை எடுத்துப் பின்னால் வைத்தான். கொஞ்ச தூரம் போனதும், "மாமா, இன்னும்கூட தூரமா தெரியலை. அந்த லைட்டைக் கொஞ்சம் தூக்கித்தான் வைங்களேன்" என்றான்.

நான் பழையபடி விளக்கியிருக்கலாம். ஆனால் எனக்கு அன்றைக்குப் பேசித் தீர்ந்துபோயிருந்தது. வண்டியைக் கடையில் விட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன்.

தூக்கி வைத்தேன். அவன் கேட்ட அளவுக்கு மட்டும் இல்லை. திருகு போகிற வரைக்கும்.

நான் எந்த வேலையையும் சோதித்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை. மறுநாள் விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு சில்வர் பீச் ரோட்டுக்குப் போனேன். நல்ல பனி. விளக்கைப் போட்டதும் நான் சொன்னேனே, அந்த வேட்டி, அப்படியே வந்து தொங்கியது. என் கண் எதிரே வெறும் வெள்ளை, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நடக்கிற வேகத்தில்தான் போனேன். அப்படியும் மீன் கூடையோடு வந்த ஒரு பெண் பம்பரை ஒட்டி முளைத்தாற்போல் நின்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை நன்றாகத் திட்டினாள். நான் இறங்கி மன்னிப்புக் கேட்டேன். விளக்கை அணைத்ததும் ரோடு ஓரளவு தெரிந்தது. மெதுவாக வீட்டுக்குத் திரும்பினேன்.

அதை யோசித்துத்தான், சாயங்காலம் சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னேன். இந்த விளக்கு பழக்கமாவதற்கு நேரம் பிடிக்கும், முதலில் வெளுப்பாகத்தான் தெரியும், பயந்துபோய் அணைத்துவிடாதே, கண் தானாகச் சரியாகிவிடும் என்று. அரசு தலையாட்டினான். நான் சொன்னால் அவன் கேட்பான். யார் சொன்னாலும் குறைக்காத வேகத்தைக்கூட எனக்காகக் கொஞ்சம் குறைப்பான்.

அடுத்த நாள் ஆருத்ரா தரிசனம். வழக்கம்போல அரசு காபிக்கு வந்தான். வாசலில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். அப்போது மாலதி உள்ளேயிருந்து வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றி, அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். சிதம்பரத்தில் அபிஷேகம் பார்க்க வேண்டும் என்று திடீரென்று தோன்றியதாம்.

"என்னங்க, நான் இவன் கூடவே போயிடறேன். நீங்க வெயில் வந்தப்புறம் பஸ்ல வாங்க. பனி ஒங்களுக்கு ஆவாது."

அரசு கதவைத் திறந்து பிடித்தான். அவள் குனிந்து, சிரித்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்தாள். அந்த வண்டியில் ஏறி இறங்குவது அவளுக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

அவளை நிறுத்த எனக்கு ஒரு வார்த்தை போதும். நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றால் இறங்கி ஓடி வந்திருப்பாள். அரசுவும் வந்திருப்பான். என்னைப் பிடித்துப் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, டாக்டருக்குப் போன் செய்து, அன்றைக்கு முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் வருகிறவர்களிடமெல்லாம் மாலதி அதைச் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அதை நினைத்ததும் என்னால் முடியவில்லை.

பெல்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவள் போட்டுக்கொண்டாள். அவளுக்கு உயிர் இருப்பதற்கு அந்த பெல்ட்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார்.

ஆலப்பாக்கம் தாண்டி, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஓரமாக நின்றிருந்தது. ஓட்டி வந்த பக்கிரி, பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டு, பனி விலகட்டும் என்று காத்திருந்திருக்கிறார். புத்திசாலி மனிதர். பின்னால் விளக்கு இல்லை என்பது உண்மைதான். இருந்திருந்தாலும் அரசுவுக்குத் தெரிந்திருக்காது. நேராகப் போய் மோதினான். உயிர் அங்கேயே போய்விட்டது. மாலதிக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு வந்ததும் தம்பியின் கடைசிப் பேச்சைச் சொன்னாள். "ஒண்ணுமே தெரியலைடா, அணைச்சிட்டுப் பாருடான்னு சொன்னேங்க. மாமா அணைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா, அவுரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னான்." சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கு அதில் வேறு எதுவும் தோன்றவில்லை. உங்கள் மோட்டார் இன்ஸ்பெக்டரும் விளக்குகள் எல்லாம் நல்ல நிலையில் எரிந்துகொண்டிருந்தன என்றுதான் எழுதியிருக்கிறார். அது சரி. என் வேலையில் பழுது இருக்காது.

இப்போது ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்பீர்கள். போன வாரம் பக்கிரியின் மனைவி மங்கம்மா வீட்டுக்கு வந்தார். வழக்கு பக்கிரி மேல் இருக்கிறதல்லவா. எங்களுக்கு அவர் மேல் வருத்தம் இல்லை என்று மாலதி கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். நானும் அதையே சொன்னேன். உடனே அந்த அம்மாள் என் காலில் விழுந்துவிட்டார். சாமி மாதிரி என்றார். பெரிய மனசு என்றார். அந்தக் கையை என் காலிலிருந்து எடுத்துவிட எனக்குத் தெம்பே இல்லை, மேடம். பக்கிரியை வீட்டுக்கு அனுப்புங்கள். நிறுத்தி வைத்த வண்டி யாரையும் கொல்லவில்லை. கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்தே செய்தேன். மாலதி ஏறியபோதும் தெரிந்தேதான் நின்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இது மாலதிக்குத் தெரிய வேண்டாம். கட்டிலை விட்டு அவளால் நகர முடியாது. காலையில் துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான்தான். ஒவ்வொரு வாய்க்கும், "ஒங்களுக்கு எவ்ளோ கஷ்டம் குடுக்கிறேன்" என்கிறாள். நீங்கள் இல்லையென்றால் நான் ஏது என்கிறாள். அப்படிச் சொல்லாதே என்பேன். ஆனால் கேட்பதற்கு அது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பத்து மணிக்கு அவளைப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். என்னை இங்கேயே வைத்துக்கொண்டால் அதை யார் செய்வது? நீங்களே யோசித்துப் பாருங்கள், மேடம். அவளுக்கென்று வேறு யாரும் இல்லை. அரசுவும் இல்லை.