கிருமி வளர்க்கும் பெண்

வந்தாறுமூலையில், பல்கலைக்கழக வாசலில் பஸ் ஏறிய இளம்பெண் எனக்கு முன் இருக்கையில், அபாயா அணிந்த நடுவயதுப் பெண்ணின் பக்கத்தில் அமர்ந்தாள். பஸ் நகர்ந்ததும் பேச்சுத் தொடங்கியது.

"கெம்பஸ்ல என்ன வேலை தங்கச்சி?"

"கிருமி வளக்கிறன் அக்கா."

அபாயாப் பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். "கிருமியயா? என்னத்துக்கு?"

"சாக்கொல்லத்தான். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் செஞ்சு, அதுக்குக் கிருமி சாகுதா எண்டு பாக்கிறம். புண்ணுக்குக் கட்டுற துணியில பூசுறதுக்கு."

"சாம்பல் நிறத்துல இருக்குமே, அந்தத் துணியா?"

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "புற்றுநோய் எண்டு எனக்கு ஒரு மார்ப எடுத்தாங்க. மறுகா, வெட்டின இடத்துல கிருமி புடிச்சி, சீழ் வெச்சிட்டு. புண் ஆறாம அடுத்த மருந்து ஏத்த ஏலாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். புள்ளைகள நெனச்சி அழுதுகொண்டே கிடந்தன். அந்தத் துணியக் கட்டித்தான் புண் ஆறின. மருந்தும் ஏத்தி முடிச்சி, இப்ப மூணு வருசம். அல்ஹம்துலில்லாஹ்."

ஏறாவூர் நெருங்கியது. இறங்க எழுந்த அபாயாப் பெண் இளம்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டின டொக்டருக்கு நன்றி சொன்னன். துணி கட்டின நர்ஸ் மிஸ்ஸுக்கும் சொன்னன். அதக் கண்டுபுடிச்ச ஆக்களுக்குத்தான் சொல்லக் கிடைக்கல்ல."

"அது நானில்ல அக்கா. என்ட கிருமி இன்னும் சாகவே இல்ல."

"அவங்கள நான் எங்க போய்த் தேடுற? நீங்க வாங்கிக்கங்க."

இளம்பெண் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்று, "சரி அக்கா, வாங்கிட்டன்" என்றாள்.